நெல் விளைச்சலைத் தடுப்பது எது? பென்னிகுவிக் வாழ்க்கை சொல்லும் பதில்

தை முதல் நாள். மதுரை அவனியாபுரத்தில் வாடிவாசல் திறக்கிறது. ஊர் முழுக்கக் கூட்டம், மொட்டை மாடிகளில் எல்லாம் மொபைல் கேமராக்கள். மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர் என ஜல்லிக்கட்டு வரிசையாக நகரும். பெரும்பாலும் ஜனவரி 14 அல்லது 15-ல் வரும் இதே பொங்கல் நேரத்தில், தேனி மாவட்டத்தின் பல ஊர்களில் இன்னொரு பொங்கல் பொங்குகிறது. அது ஜனவரி 15-ல் பிறந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயருக்காக. பெயர் ஜான் பென்னிகுவிக்.

அறுவடைத் திருநாளில் ஓர் இன்ஜினீயரை ஏன் கும்பிட வேண்டும்? முல்லைப் பெரியாறு அணையைக் கட்டியவர் என்பது எல்லோருக்கும் தெரிந்த பதில். ஒரு நெல் பயிர் எதனால் விளைகிறது, எதனால் விளையாமல் போகிறது என்று தெரிந்துகொண்டால், அவர் செய்த வேலையின் உண்மையான அளவு புரியும். அவர் செய்யாத வேலை எது என்பதும் புரியும்.

நெல் கணக்கு: நாலே நாலு எண்கள்

ஒரு வயலில் எத்தனை மூட்டை நெல் வரும் என்பதை நான்கு விஷயங்கள் முடிவு செய்கின்றன. ஒரு சதுர மீட்டரில் எத்தனை கதிர்கள், ஒரு கதிரில் எத்தனை மணிகள், அதில் எத்தனை சதவீதம் பால் பிடித்து முற்றியது, ஒரு மணியின் எடை எவ்வளவு. இந்த நான்கையும் பெருக்கினால் விளைச்சல்.

பெருக்கல் என்பதுதான் இதில் முக்கியம். மூன்று எண்கள் பிரமாதமாக இருந்து, ஒன்று மட்டும் பூஜ்ஜியத்தை நெருங்கினால் மொத்தக் கணக்கும் படுத்துவிடும். பச்சைப் பசேல் என்று வளர்ந்து, நன்றாகத் தூர் கட்டி, கதிரும் வெளியே வந்த பிறகு, கையில் எடுத்து நசுக்கிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லாமல் பதராகப் போன வயல்களை டெல்டாவிலும் மதுரையிலும் பார்த்தவர்கள் உண்டு.

ஒவ்வொரு எண்ணும் ஒவ்வொரு பருவத்தில் முடிவாகிறது. கதிர்களின் எண்ணிக்கை, நடவுக்குப் பின் தூர் கட்டும் நாட்களில். மணிகளின் எண்ணிக்கை, தண்டுக்குள் இளங்கதிர் உருவாகும் நாட்களில். பதரா, மணியா என்பது பொதிப் பருவத்திலும் பூக்கும் நாட்களிலும். எடை, பால் பிடிக்கும் காலத்தில். அந்த எடைக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. உமி எவ்வளவு பெரியதோ, அதற்குள் அடங்கும் அளவுக்குத்தான் அரிசி வளர முடியும்.

இதில் ரொம்ப ஆபத்தான நேரம், பூப்பதற்கு முந்தைய சுமார் இரண்டு வாரமும் பூக்கும் நாட்களும். அப்போது தண்ணீர் தட்டுப்பட்டால் மகரந்தம் சரியாக உருவாகாது, கதிரும் முழுசாக வெளியே வராது. பூ மலர்ந்தாலும் கரு பிடிக்காது. ஒரு வாரம் கழித்து வெள்ளமே வந்தாலும் போன மணி திரும்பாது. ஆக, நெல்லுக்கு எவ்வளவு தண்ணீர் என்பது பாதிக் கேள்விதான். எப்போது தண்ணீர் என்பது மீதிப் பாதி.

மதுரைச் சமவெளி தோற்றது இந்த இரண்டாவது பாதியில்.

மலைக்கு அந்தப் பக்கம் வெள்ளம், இந்தப் பக்கம் வறட்சி

மதுரையின் வருட மழை சுமார் 850 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையில், அக்டோபருக்குப் பிறகு வருகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கேரளப் பக்கம் கொட்டும் தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடும். மதுரை மழை மறைவுப் பகுதி.

பெரியாறு உற்பத்தியாவது அதே மலையில். ஆனால் அது மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கிறது. மதுரை விவசாயி நாற்றங்காலுக்குத் தண்ணீர் இல்லாமல் வானத்தைப் பார்க்கும் மாதங்களில்தான் மலைக்கு அந்தப் பக்கம் பெரியாறு கரை புரண்டு ஓடும்.

ஊர்கள் சும்மா இருக்கவில்லை. வைகையில் இருந்து கால்வாய் வெட்டி, கண்மாய்க்குக் கண்மாய் சங்கிலிபோல் இணைத்து, கிடைத்த தண்ணீரைத் தேக்கினார்கள். வைகைக்குத் தெற்கே இருக்கும் அவனியாபுரமும் அப்படிப்பட்ட ஒரு கண்மாய்ப் பாசன ஊர். ஆனால் கண்மாய் என்பது சேமிப்புக் கணக்கு மாதிரி. வரவு இருந்தால்தான் எடுக்க முடியும். வைகையில் தண்ணீர் வராத வருடம், கண்மாய் எவ்வளவு ஆழமாக இருந்தும் பயனில்லை.

மேற்கே ஓடும் ஆற்றைக் கிழக்கே திருப்பலாமே என்ற யோசனை பென்னிகுவிக்குக்கு முன்பே இருந்தது. 1789-ல் ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை இதை ஆராய்ந்தார். செலவு தாங்காது என்று கைவிடப்பட்டது. 1808-ல் கேப்டன் ஜேம்ஸ் கால்டுவெல் சர்வே செய்து, நடக்காத காரியம் என்று அறிக்கை கொடுத்தார். 1850-ல் ஒரு சிறிய முயற்சி தொடங்கி, காய்ச்சலும் கூலிப் பிரச்சினையும் சேர்ந்து நின்றுபோனது. 1860-களில் மேஜர் ரைவ்ஸ் புதிய திட்டம் போட்டார்.

பிறகு வந்தது 1876-78 பஞ்சம். தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் கிராமங்களில் பேசப்படும் பேரழிவு. சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். பஞ்ச நிவாரணச் செலவு ஒரு பக்கம், வரி வருமான இழப்பு இன்னொரு பக்கம் என்று அரசுக்கும் அடி. தூசி படிந்த ஃபைல் மறுபடியும் மேஜைக்கு வந்தது. 1882-ல் அந்த ஃபைல் போய்ச் சேர்ந்த இடம் மேஜர் பென்னிகுவிக்.

எட்டு வயதுக்குள் அப்பாவை இழந்த பையன்

ஜான் பென்னிகுவிக் பிறந்தது 1841 ஜனவரி 15, புனேயில். அப்பாவும் ஜான் பென்னிகுவிக்தான், பிரிட்டிஷ் ராணுவத்தில் பிரிகேடியர். 1849 ஜனவரி 13-ல் பஞ்சாபின் சில்லியன்வாலா போரில் அப்பாவும், அதே போரில் சண்டையிட்ட அண்ணன் அலெக்ஸாண்டரும் கொல்லப்பட்டார்கள். தம்பி ஜானின் எட்டாவது பிறந்தநாளுக்கு அப்போது இரண்டே நாள் பாக்கி.

இங்கிலாந்தில் செல்டன்ஹாம் கல்லூரியிலும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளைத் தயார் செய்த அடிஸ்கோம் ராணுவப் பள்ளியிலும் படித்தார். மெட்ராஸ் இன்ஜினீயர்ஸ் பிரிவில் சேர்ந்து, 1860-ல் இந்தியா திரும்பினார். 1868-ல் அபிசீனியப் படையெடுப்பில் பங்கேற்றார். 1879-ல் கிரேஸ் ஜார்ஜினா சேமியரைத் திருமணம் செய்துகொண்டார்.

இந்தப் பின்னணியில் இருக்கும் ஒருவர் போர்க்களத்திலேயே பெயர் எடுக்கப் பார்த்திருக்கலாம். பென்னிகுவிக்கின் பெயரை நிலைக்க வைத்தது பொதுப்பணித் துறை. திட்டத்தைத் திருத்தி எழுதும் பொறுப்பு 1882-ல் கைக்கு வந்தபோது அவருக்கு 41 வயது. அணை திறக்கும்போது 54.

திட்டம் என்ன?

சொன்னால் சிம்பிள். பெரியாற்றின் குறுக்கே உயரமான ஓர் அணை. பின்னால் தேங்கும் நீர், மலை முகட்டுக்குப் பக்கத்தில் வரை ஏறி நிற்கும். அந்த முகட்டைக் குடைந்து ஒரு சுரங்கம். அதன் வழியாகத் தண்ணீர் கிழக்குச் சரிவில் விழுந்து, வைரவனாறு, சுருளியாறு வழியாக வைகையில் சேரும். அரபிக்கடலுக்குப் போக வேண்டிய நீர் மதுரை வயலுக்கு வந்துவிடும்.

இடம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்ததால் ஒப்பந்தம் தேவைப்பட்டது. 1886 அக்டோபர் 29-ல் கையெழுத்தானது. 8,000 ஏக்கர், 999 வருடக் குத்தகை, ஏக்கருக்கு வருடம் 5 ரூபாய். இன்றைக்கும் இரு மாநிலங்களுக்கு இடையே பேசப்படும் ஒப்பந்தம் இதுதான்.

1887-ல் வேலை தொடங்கியது. ரோடு கிடையாது. ஊர் கிடையாது. யானையும் மலேரியாவும் உண்டு. கூடலூர்ப் பக்கம் மலை அடிவாரத்தில் இருந்து பொருட்களை மாட்டு வண்டியிலும், பிறகு கம்பிவட ரோப்வேயிலும் மேலே ஏற்றினார்கள். மெட்ராஸ் பயனீர்ஸ் படைப்பிரிவினரும், கொச்சியில் இருந்து வந்த தச்சர்களும், ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளர்களும் வேலை செய்தார்கள். ஆற்றை ஒதுக்கிவிட்டு அஸ்திவாரம் போட வேண்டும். அதற்காகப் போட்ட தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு போனது. மழைக்காலத்தில் காட்டில் தங்கினால் காய்ச்சல். வெயில் காலம் முடிவதற்குள் முடித்தாக வேண்டிய வேலை மலைபோல் இருக்கும்.

சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் பொடி) கலந்த காரை, கருங்கல் என்று அந்தக் காலத் தொழில்நுட்பத்தில் எழுந்தது அணை. ஆற்றுப் படுகையில் இருந்து 155 அடி உயரம். நோயால் இறந்த 483 பேர் அணைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. அவர்களில் பெரும்பாலானோர் யார், எந்த ஊர் என்று இன்று யாருக்கும் தெரியாது. பென்னிகுவிக் படத்துக்கு மாலை போடும்போது நினைவில் வைக்க வேண்டிய எண் இது.

1895 அக்டோபரில் சென்னை மாகாண கவர்னர் வென்லாக் பிரபு திட்டத்தைத் திறந்து வைத்தார்.

சொத்தை விற்று அணை கட்டினாரா?

வாட்ஸ்அப்பில் வருடா வருடம் சுற்றும் கதை இது. வெள்ளம் வந்து அணை உடைந்ததும் அரசு பணம் தர மறுத்தது, பென்னிகுவிக் இங்கிலாந்து போய் மனைவியின் நகைகளையும் குடும்பச் சொத்தையும் விற்றுப் பணம் கொண்டு வந்து கட்டினார் என்று அது போகும்.

இதற்கு ஆவண ஆதாரம் கிடைக்கவில்லை. இது சென்னை மாகாண அரசு பணம் போட்டு, பொதுப்பணித் துறை வழியாகக் கட்டிய அணை. திட்டத்தில் வேலை பார்த்த இன்ஜினீயர் ஏ.டி. மெக்கன்சி 1899-ல் எழுதிய பெரியாறு திட்ட வரலாறும் இதை அரசுத் திட்டமாகவே விவரிக்கிறது. தண்ணீர் வந்தால் தீர்வை வரும் என்ற கணக்கும் அரசுக்கு இருந்தது.

அப்போ அவருடைய பெருமை குறைந்துவிடுமா? இல்லை. நூறு வருடமாக முடியாது என்று எழுதிவைத்த ஒரு வேலைக்கு வடிவம் கொடுத்து, ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் மறுபடி தொடங்கி, முடித்துக் காட்டியது நிஜம். நகை விற்ற கதை, மக்கள் தங்கள் நன்றியைச் சொல்லத் தேர்ந்தெடுத்த மொழி. வரலாறாக எடுத்துக்கொள்ளத்தான் கூடாது.

தண்ணீர் வந்ததும் என்ன மாறியது?

மேலே சொன்ன நெல் கணக்கை மறுபடி எடுத்துக்கொள்வோம். பெரியாறு அணை கொண்டுவந்தது வெறும் கன அடிகளை மட்டும் இல்லை, நேரத்தையும்தான். ஜூன், ஜூலையில் கேரளப் பக்கம் பெய்யும் மழையைப் பிடித்து வைத்து, பயிருக்குத் தேவையான வாரத்தில் கொடுக்க முடிந்தது. பொதிப் பருவத்தில் வயல் காயாமல் பார்த்துக்கொள்ள முடிந்தது. பதராகப் போயிருக்க வேண்டிய பூக்கள் மணியாகின.

வைகையின் பேரணையில் இருந்து வடகரையில் பெரியாறு பிரதானக் கால்வாய் கிளம்பியது. வாடிப்பட்டி, மேலூர் பக்கம் புஞ்சைக் காடுகள் நஞ்சையாக மாறின. சுதந்திரத்துக்குப் பிறகு, 1959-ல் வைகை அணை வந்து இந்தத் தண்ணீரைப் பிடித்துப் பங்கிட உதவியது. பின்னாளில் தென்கரையில் திருமங்கலம் கால்வாயும் சேர்ந்தது.

இன்றைய கணக்கில், கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இரு போகம். பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இரு போகம். மேலூர், திருமங்கலம் பகுதிகளில் 1,05,002 ஏக்கர் ஒரு போகம். தண்ணீர் திறப்புச் செய்தி வரும்போதெல்லாம் இந்த எண்களை நீங்கள் படித்திருப்பீர்கள். இவற்றுக்குப் பின்னால் இருப்பது மலையைக் குடைந்த அந்த ஒற்றைச் சுரங்கம்.

தண்ணீர் மட்டும் போதுமா?

போதாது. ஜெர்மன் வேதியியலாளர் யுஸ்டஸ் வான் லீபிக் 19-ம் நூற்றாண்டில் பிரபலமாக்கிய விதி ஒன்று உண்டு. பயிருக்குத் தேவையானவற்றில் எது மிகக் குறைவாக இருக்கிறதோ, அதுதான் விளைச்சலைத் தீர்மானிக்கும். பல உயரப் பலகைகளால் செய்த பீப்பாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு ஊற்றினாலும் குட்டையான பலகை வரைதான் தண்ணீர் நிற்கும். அந்தப் பலகையை உயர்த்தினால், அடுத்த குட்டைப் பலகை வழியாக வழியும்.

மதுரையின் குட்டைப் பலகை தண்ணீர். அதைப் பென்னிகுவிக் தலைமுறை உயர்த்தியது. உடனே அடுத்தது வெளியே தெரிந்தது.

முதலில் தழைச்சத்து. தண்ணீர் நிறைய இருக்கும் வயலில் நைட்ரஜன் குறைந்தால் தூரும் குறையும், மணியும் குறையும். சரி, உரம் போடலாம் என்றால் அங்கே ரகம் குறுக்கே வந்தது. பழைய நெல் ரகங்கள் உயரமானவை. அதிக உரம் போட்டால் இன்னும் உயர்ந்து, கதிரின் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். 1966-ல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ஐ.ஆர்.8 இந்தத் தடையை உடைத்தது. குட்டைத் தண்டு, நிமிர்ந்த இலை, உரத்தை மணியாக மாற்றும் திறன். மதுரையில் 1965-ல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரியும் பின்னர் எம்.டி.யு. என்ற பெயரில் இந்தப் பகுதிக்கான ரகங்களை வெளியிட்டது.

அதன் பிறகும் பலகைகள் தீரவில்லை. துத்தநாகச் சத்து குறைந்த மண்ணில் நாற்று மஞ்சளடித்து நிற்கும். தழைச்சத்து அளவுக்கு மீறினால் வயல் கரும்பச்சையாக அழகாக இருக்கும், ஆனால் குலை நோயும் புகையானும் தேடி வரும். கழிவுநீர் கலக்கும் கண்மாய்ப் பாசனத்திலும் இதே சிக்கல்: சத்து அதிகம், இலை அதிகம், மணி குறைவு. பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மகரந்தம் செயலிழந்து பதர் கூடும். மதுரை வெயிலில், நடவு சில வாரம் தள்ளிப்போனால்கூட இந்த ஆபத்து நெருங்கிவிடும்.

நடவு ஏன் தள்ளிப்போகிறது? பெரும்பாலும் தண்ணீர் திறப்பு தள்ளிப்போவதால். சுற்றி வந்து அதே கேள்வியில் நிற்கிறோம்: எவ்வளவு என்பதோடு, எப்போது.

அணைக்குப் பிறகு பென்னிகுவிக்

அணை திறந்த பிறகு அவர் இங்கிலாந்து திரும்பி, இந்தியாவுக்கு இன்ஜினீயர்களைத் தயார் செய்த கூப்பர்ஸ் ஹில் கல்லூரிக்கு 1896 முதல் 1899 வரை தலைவராக இருந்தார். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளப் பிரச்சினைக்கு ஆலோசனை சொல்லப் போனார். 1911 மார்ச் 9-ல் கேம்பர்லியில் இறந்தார். ஃப்ரிம்லி செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது.

மதுரை பொதுப்பணித் துறை அலுவலகத்தில் அவருக்குச் சிலை உண்டு. தேனி பஸ் ஸ்டாண்டுக்கு அவர் பெயர். லோயர் கேம்பில் 2013-ல் மணிமண்டபம் திறக்கப்பட்டது. 2022-ல் தமிழ்நாடு அரசு கேம்பர்லியிலேயே அவருக்குச் சிலை வைத்தது. அவர் பிறந்தநாள் அரசு விழா. தேனிப் பக்கம் வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படம் தொங்குகிறது. பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தவர்களும் இருக்கிறார்கள்.

அணையின் பாதுகாப்பு குறித்த சர்ச்சையில் 1979-ல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த அடிக்கணக்கு ஏன் இவ்வளவு பெரிய செய்தியாகிறது என்று மதுரைக்கு வெளியே இருப்பவர்கள் கேட்பதுண்டு. ஒரு கிலோ நெல் விளைய, மழையும் பாசனமும் சேர்த்து சராசரியாகச் சுமார் 2,500 லிட்டர் தண்ணீர் தேவை. அணையின் ஒவ்வோர் அடியும், கடைமடையில் ஒரு வயல் பொதிப் பருவத்தைத் தாண்டுமா என்ற கேள்வி.

இப்போது குட்டைப் பலகை எது?

அவனியாபுரம் 2011-ல் மதுரை மாநகராட்சியோடு இணைந்தது. ஒரு பக்கம் விமான நிலையம், இன்னொரு பக்கம் ரிங் ரோடு, நடுவில் புதுப்புது குடியிருப்புகள். நஞ்சைக்குப் பக்கத்திலேயே பிளாட் போட்டு விற்கும் போர்டுகள். கால்வாய் அடைபட்டால் கண்மாய் நிறையாது. கண்மாய் நிறையாவிட்டால் மிச்சமிருக்கும் வயலும் ஒருநாள் பிளாட் ஆகும்.

உரத்தைக் கடையில் வாங்கலாம். ரகத்தை ஆராய்ச்சி நிலையம் தரும். நடவுக்கு ஆள் இல்லையென்றால் மெஷின் வரும். நெல்லைத் தடுக்கும் காரணிகளில் கான்கிரீட் போட்ட பிறகு திரும்பக் கிடைக்காதது நிலமும், அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் பாதையும் மட்டும்தான்.

பென்னிகுவிக் காலத்தில் சிக்கல், தண்ணீரை மலையைத் தாண்டிக் கொண்டுவருவது. அதற்கு 13 வருடமும், நூற்றுக்கணக்கான உயிர்களும் ஆனது. இன்றைக்கு அந்தத் தண்ணீர் மலையைத் தாண்டி வந்துவிடுகிறது. ஊருக்குள் இருக்கும் கடைசி ஒரு கிலோமீட்டர் கால்வாயைத் தாண்ட முடியாமல்தான் பல இடங்களில் நிற்கிறது. அதைத் தூர்வார லண்டனில் இருந்து யாரும் வர வேண்டியதில்லை.